கேளாத மாணவர்களின் வகுப்பறையை மாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

உதகமண்டலம்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கல்லூரியில் காது கேளாத மாணவர்கள் படிக்கும் இரண்டு அறைகளைச் சீராக்கித் தந்த எல்லோருக்கும், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம். மற்றக் கல்லூரிகளும் செய்துகொள்ளலாம்.

தச்சர் அண்ணன் பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போட்டார். யார் கேள்வி கேட்டாலும் முகம் தெரிகிறது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் புஷ் மாட்டினார். காது மெஷின் பேச்சை மட்டும் பொறுக்கித் தராது. நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு அடியோடு மூழ்கிவிடும். தெர்மாகோல் ஒட்டினால் போதும் என்று பலர் சொன்னார்கள். எடையில்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது என்று விளக்கி, கூரைக்கடியில் கிளாஸ்வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பி, அதன்கீழ் கனமான பலகை அடித்தது அவர்தான்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகம் வெறும் நிழலாகத்தான் தெரியும். அந்த ஜன்னலுக்குத் திரை போட்டு, ஆசிரியர் முகத்தில் ஒளி விழும்படி முன்பக்கம் ஒரு விளக்கு வைத்து, அதை இன்வெர்ட்டரில் இணைத்தார். மூடுபனி இறங்கும் நாளில் கரண்டும் போனால் உதடும் தெரியாது, சைகையும் தெரியாது.

குளிரிலும் மப்ளரை மோவாய்க்குக் கீழே இறக்கிக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் தனி நன்றி. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரியும் என்பவர்கள், கண்ணாடிமுன் நின்று ‘பாலை’, ‘மாலை’ என்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் கலைச்சொல்லைப் பலகையில் எழுதி, திரும்பி நின்று, பிறகு பேசுகிறார்கள். பாடக்குறிப்பும் இரண்டு நாள் முன்பே சைகைமொழி பெயர்ப்பாளர்கள் கைக்குப் போகிறது. சைகை இல்லாத சொல்லுக்கு மாணவர்களோடு பேசி ஒன்றை முடிவுசெய்துகொள்கிறார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் மாறிக்கொள்வதால் கையும் கவனமும் சோர்வதில்லை.

இணையத்தை நம்பிப் பேச்சை எழுத்தாக்கும் செல்பேசிச் செயலி, மலையில் சிக்னல் அறுந்தால் நின்றுவிடும். அதைக் காட்டி மொழிபெயர்ப்பாளரைக் குறைக்காத நிர்வாகத்துக்கு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மதித்ததற்காக நன்றி.

முறைவைத்துக் குறிப்பெடுத்துத் தரும் வகுப்புத் தோழர்களே, சைகையைப் பார்க்கும் கண்ணால் நோட்டைப் பார்க்க முடியாது. உங்கள் எழுத்தில்தான் தேர்வுக்குப் படிக்கிறோம்.

விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கும் நன்றி. இரவில் காது மெஷின் வைக்க, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா தந்தார். நீலக் குருணை ரோஸ் நிறமானதும் மறக்காமல் மாற்றியும் விடுகிறார்.

அன்புடன்,
கேளாத மாணவர்களும் வகுப்பு ஆசிரியர்களும்