தள்ளுபடிக் காலத்தில் எந்தப் பழைய விளையாட்டை வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசெம்பர் பிறந்தால் எங்கள் மட்டக்களப்பில் மழையும் பாடசாலை விடுமுறையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், ஜி.ஓ.ஜி. ஆகிய இணையக் கடைகளின் ஆண்டிறுதித் தள்ளுபடியும் அந்த நாட்களிலேயே வருகிறது. வளவில் தண்ணீர் நிற்க, வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் மாணவர்கள் என்னிடம் தொலைபேசியில் கேட்பது வருடந்தோறும் ஒரே கேள்விதான்: “சேர், பழைய கேம் எல்லாம் மலிவாப் போட்டிருக்கிறாங்கள், எதை வாங்குறது?” நான் ஓர் ஆங்கில ஆசிரியன், இருபது வருடங்களுக்கு மேலாக இவ்வகை விளையாட்டுகளை விளையாடி வருபவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலைத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒருமுறை சொல்லிவிட்டால், பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் அது உதவும் என்று நினைத்து இதனை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் பற்றி. இச்சொல் புதிதாகத் தோன்றினாலும் விடயம் நமக்குப் புதிதன்று. கூத்துப் பழக்கத் தொடங்கும்போது அண்ணாவியார் ஒருவனுடைய குரலையும் உடல்வாகையும் பார்த்து, இவனுக்கு அருச்சுனன், அவனுக்குக் கட்டியகாரன் என்று சட்டம், அதாவது அவரவர் பாடிப் பேச வேண்டிய வரிகள், கொடுக்கிறார். அன்றிலிருந்து அரங்கேற்றம் வரை அவன் அந்த ஆளாகவே பழகுகிறான். இந்த விளையாட்டுகளும் ஏறக்குறைய அப்படியே தொடங்குகின்றன. வலிமை, அறிவு, பேச்சுத்திறன் முதலியவற்றுக்கு இலக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, முதல் திரையிலேயே ஓர் ஆளை நாம் உருவாக்குகிறோம்; பிறகு கதை நெடுக அந்த ஆளாக நின்று பேசுகிறோம், சண்டையிடுகிறோம், முடிவெடுக்கிறோம். கூத்தில் சட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இங்கோ எந்தப் பதிலைச் சொல்வது என்பதை விளையாடுபவரே தெரிவு செய்ய வேண்டும். ஆகவே இவற்றில் துப்பாக்கி பிடிப்பதைவிட வாசிப்பதே பெரிய வேலை. எதை வாங்குவது என்ற கேள்விக்கும் அதனால்தான் தள்ளுபடி வீதத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 20 டொலர் விலையுள்ள பழைய விளையாட்டு ஒன்று 75 சதவீதத் தள்ளுபடியில் 5 டொலருக்கு வருகிறது. டொலர் ஒன்றை 300 ரூபாவாக வைத்தால் 1,500 ரூபா. மலிவுதான். அந்த மலிவைக் கண்டு ஒருவன் ஐந்தை வாங்கினால் 7,500 ரூபா போகிறது. ஆனால் இவற்றில் ஒன்றை முடிக்கவே 40, 60 மணித்தியாலங்கள் வேண்டும். தனியார் வகுப்புகளுக்கு இடையில் சனி ஞாயிறுகளில் நான்கு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய உயர்தர மாணவனுக்கு ஐந்து விளையாட்டு என்பது ஏறக்குறைய ஒரு வருடத்து வேலை, சிலவேளை அதற்கும் மேல். அதற்கிடையில் ஜூன் மாதக் கடைசியில் கோடைத் தள்ளுபடி வரும், மறுபடி டிசெம்பர் வரும். இருபது வருடப் பழைய விளையாட்டுகள் அப்போதும் ஏறக்குறைய இதே விலைக்கு வரும். இன்று தவறவிட்டால் இனிக் கிடைக்காது என்ற பதற்றத்துக்கு இங்கே இடமில்லை. நான் முதன்முதலாகத் தள்ளுபடியில் ஒரே இரவில் வாங்கியவை ஒன்பது. இன்றுவரை முடித்தவை மூன்று. மிச்சம் ஆறையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றை வாங்குங்கள், முடியுங்கள், பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

அந்த ஒன்று எது? என் தெரிவு பால்டர்ஸ் கேட் முதலாம் பாகம். கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவெயர் நிறுவனம் செய்து, 1998 டிசெம்பரில் ஐந்து இறுவட்டுகளில் வெளிவந்த விளையாட்டு இது. சமாதான காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், நகரிலிருந்த ஒரு கடையில் அந்த ஐந்தையும் திருட்டுப் பிரதியாகப் பதிவு செய்து வாங்கினேன். மூன்று வாரம் இரவிரவாக விளையாடிக் கதையின் நடுப்பகுதிக்கு வந்தபோது, நான்காவது இறுவட்டைப் போடும்படி திரை கேட்டது. போட்டேன். பெட்டி உறுமியது, மறுபடி கேட்டது. துணியால் துடைத்துப் போட்டேன், மறுபடியும் கேட்டது. கடைக்குக் கொண்டுபோனால், தங்களிடமுள்ள பிரதியே அப்படித்தான் என்றார்கள். அந்தக் கதை என்ன ஆயிற்று என்பது பத்து வருடங்களுக்கு மேல் எனக்குத் தெரியாமலே இருந்தது. பீம்டாக் நிறுவனம் 2012இல் வெளியிட்ட புதுப்பித்த பதிப்பைத் தள்ளுபடியில் வாங்கிய பிறகே, விளையாட்டின் பெயருக்குரிய அந்த நகரத்தின் பாலத்தைக் கடந்து உள்ளே போனேன். திருட்டுப் பிரதி இலவசமாகக் கிடைக்கும்போது 1,500 ரூபா எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த நான்காவது இறுவட்டுத்தான்.

பழைய நினைவுக்காக மட்டும் இதனை முன்னே வைக்கவில்லை. வாசிப்பில் மெதுவான பிள்ளைக்கு இது இடம் கொடுக்கிறது. சண்டையின் நடுவே இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஆறுதலாக யோசித்துக் கட்டளை கொடுத்துவிட்டு மீண்டும் ஓடவிடலாம். உரையாடல்கள் பெரும்பாலும் சாதாரணதர ஆங்கிலத்துக்கு எட்டக்கூடியவை. கதை தொடங்கும் இடமும் எனக்குப் பிடித்தமானது: கடலோரத்தில் கோட்டையாகக் கட்டப்பட்ட ஒரு நூலகம். வெளியாள் உள்ளே போக வேண்டுமானால் பெறுமதியான ஒரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். மேலும், இதில் வளர்த்த ஆளையே 2000ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதால், அடுத்த தள்ளுபடியில் எதை வாங்குவது என்ற கேள்விக்கும் இதுவே பதில் வைத்திருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதன் விதிகள், மேசையில் தாயக்கட்டை உருட்டி விளையாடும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்றைய விளையாட்டுகளில் பழகியவருக்கு அவை தலைகீழாகத் தோன்றும். என் தங்கையின் மகன் சென்ற வருடம் இதை வாங்கி இரண்டாவது கிழமை தொலைபேசி எடுத்தான். “மாமா, எல்லாரும் என்னை அடிச்சுச் சாக்காட்டுறாங்கள்” என்றான். விசாரித்தால், நல்ல இரும்புக் கவசம் ஒன்று கிடைத்திருக்கிறது. அணிந்ததும் பாதுகாப்பைக் காட்டும் இலக்கம் 10இலிருந்து 3க்கு இறங்கிவிட்டது. நட்டம் என்று நினைத்து அதைக் கழற்றி விற்றுவிட்டான். இந்த விதிகளில் அந்த இலக்கம் குறையக் குறையப் பாதுகாப்புக் கூடுகிறது. கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கவசம் போயிருக்காது. பழைய விளையாட்டுகளுக்கு அக்காலத்தில் கனத்த கையேடுகள் வந்தன. இப்போதும் பல விளையாட்டுகளுடன் அவை பி.டி.எஃப். கோப்பாக வருகின்றன. முதல் நாள் மாலையைக் கையேட்டுக்கு ஒதுக்குவது வீணன்று. தொடக்கத்தில் மந்திரவாதி ஒருவனுக்கு நான்கைந்து உயிர்ப்புள்ளிகளே இருக்கும்; ஓர் ஓநாய் கடித்தாலே விழுந்துவிடுவான். விளையாட்டை எட்டிய இடத்தில் அடிக்கடி சேமித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது வேறொன்று: 1999இல் பிளாக் ஐல் குழுவினர் செய்த பிளேன்ஸ்கேப் டோர்மென்ட். பெயர் மறந்த ஒருவன் பிணவறைக் கட்டிலில் கண்விழிக்கிறான். இறந்தாலும் மறுபடி எழும்புகிறான். தான் யாராக இருந்தேன், யாருக்கு என்ன செய்தேன் என்று தேடிப் போகிறான். சண்டைகளில் பெரும்பாலானவற்றைப் பேசியே தவிர்க்கலாம். அவனுக்கு வாளைவிட விவேகமே அதிகம் பயன்படும். சுமார் 8 இலட்சம் சொற்கள் கொண்டது என்று கூறப்படும் இந்த விளையாட்டை நான் முடித்த இரவு உறக்கம் வரவில்லை. ஆயினும் இதை முதலாவதாக வாங்க வேண்டாம் என்றே மாணவர்களிடம் சொல்கிறேன். இதிலுள்ள மாந்தர் பேசுவது பழைய இலண்டன் திருடர்களின் கொச்சை மொழியிலிருந்து எடுத்த ஆங்கிலம். ‘கட்டர்’ என்றால் ஆள், ‘பெர்க்’ என்றால் மடையன். பாடசாலை அகராதி இதற்கு உதவாது. தமிழ் வரிகளும் இதில் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை இரண்டாம் மணித்தியாலத்திலேயே களைத்து, நல்லதொரு படைப்பை வெறுத்துவிடுவான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அந்த நீண்ட மாதங்கள்தாம் இதற்குரிய காலம்.

1997ஆம் ஆண்டின் ஃபோல்அவுட் குறுகியது, கூர்மையானது. அணு ஆயுதப் போருக்குப் பிந்திய பாழ்நிலத்தில், நிலவறையில் வாழும் மக்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குரிய கணினிச் சில்லு ஒன்றை 150 நாட்களுக்குள் தேடிக் கொண்டுவர வேண்டும். அறிவைக் குறைத்து ஆளை உருவாக்கினால் அவனால் ஒரு வசனம்கூட ஒழுங்காகப் பேச முடியாது என்பது பாத்திரமேற்பின் உச்சம். ஆனால் அதன் வன்முறைக் காட்சிகள் கடுமையானவை. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன். ஐஸ்விண்ட் டேல் என்ற விளையாட்டோ பெரும்பாலும் சண்டை. கதையை விரும்புபவருக்கு அது பிறகு போதும்.

பணம் கொடுக்க முன்னர் சோதித்துப் பார்க்க விரும்புபவர், ஜி.ஓ.ஜி. கடையில் இலவசமாகக் கிடைக்கும் அல்டிமா நான்காம் பாகத்தை எடுத்துப் பார்க்கலாம். 1985இல் வந்தது, படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும், கட்டளைகளை விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகக் கொடுக்க வேண்டும். அதில் மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையை அவள் சொல்வாள். காசை எண்ணி வைப்பது நாம். குறைத்து வைத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், திரையும் ஒன்றும் சொல்லாது. ஆனால் நம்முடைய நேர்மைக் கணக்கு உள்ளே குறைந்துவிடும். எட்டு நற்பண்புகளில் நிறைவு பெறுவதே அந்த விளையாட்டின் இலக்கு என்பதால், பல நாள் கழித்தே அந்தக் குறைவு நம் வழியை மறிக்கும். வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வாங்கிலிருந்தவர்களும் நிமிர்ந்து கேட்டார்கள்.

கணினியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. படிப்புக்காக வாங்கிய சாதாரண மடிக்கணினியிலேயே இவை ஓடும். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் ஏறத்தாழ 150 கிகாபைட் இடம் கேட்கிறது. அதைப் பதிவிறக்க நம் வீட்டு இணையப் பொதி தாங்காது. பழையவையோ சில கிகாபைட்டுக்குள் அடங்குபவை. நள்ளிரவுக்குப் பின்னரான டேட்டாவில் ஓரிரு இரவில் இறக்கிவிடலாம். எங்கே வாங்குவது என்றால் நான் ஜி.ஓ.ஜி. பக்கம் நிற்பேன். அங்கே வாங்கிய விளையாட்டின் நிறுவல் கோப்பை முழுமையாக இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமே தேவையில்லை. மழைக்காலத்தில் இணையம் அறுந்து கிடக்கும் ஊரில் இது சிறிய வசதியன்று. பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியும். ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பித் தருவார்கள்; நீண்ட கதைகளுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் போதாது. பெற்றோர் தங்கள் வங்கி அட்டையால் பணம் செலுத்திக் கொடுப்பதாயின், அட்டை விபரங்களைப் பிள்ளையின் கணக்கில் சேமித்து வைக்காமல் விடுவது நல்லது.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் நூல் அறிமுகம் வருகிறது, திரைப்பட விமர்சனம் வருகிறது. தள்ளுபடி தொடங்கும் கிழமையில் மாத்திரமாவது, இத்தகைய விளையாட்டு ஒன்றை எடுத்து, அதன் ஆங்கிலம் எவ்வளவு கடினம், எந்த வயதுக்கு ஏற்றது, எத்தனை மணித்தியாலம் பிடிக்கும் என்ற விபரங்களுடன் தமிழில் அரைப்பக்கம் எழுதுவித்தால் பெரும் உதவியாக இருக்கும். எழுதக்கூடியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கேட்டால் நானும் எழுதித் தருவேன். என் மருமகன் கவசத்தைத் திரும்ப வாங்கி, இப்போது கதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறான். இரண்டாம் பாகத்தை வரும் டிசெம்பரில் வாங்குவதா, ஜூன் வரை பொறுப்பதா என்று முடிவெடுக்க, மிச்சம் இருக்கும் மணித்தியாலங்களைக் கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.