ஏழு கட்டம் வேண்டாம் மக்கா

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய, உன் இமெயில் பதிவுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். போனில் பேச ஆரம்பித்தால் கடைக்கு ஆள் வந்து பேச்சு பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம். இங்கே மார்த்தாண்டத்தில் இடவப்பாதி மழை மூன்று நாளாக விடவில்லை. தேனீக்கள் வெளியே போக முடியாமல் கிடக்கின்றன. காலையில்தான் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை, உன்னை விசாரித்தாள்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸை இணையத்தில் விற்கப் போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தக்கலையில் உன் வீட்டு முற்றத்தில், தேங்காய் எண்ணெயில் பொரித்துக் கோரியதைச் சூட்டோடு வாழையிலையில் கொட்டித் தருவாயே, அந்தக் கை எனக்குத் தெரியும். சரக்கைப் பற்றிக் கவலையே இல்லை. நீ செய்து வைத்திருக்கும் இமெயில் பதிவுப் பக்கம்தான் கவலை.

அதில் ஏழு கட்டங்கள் இருக்கின்றன. பெயர், இமெயில், போன், முகவரி, பிறந்தநாள், தொழில், எங்களை எப்படித் தெரியும். சிப்ஸ் விலை தெரிந்துகொள்ள வந்தவன் எதற்குப் பிறந்தநாள் சொல்ல வேண்டும்? பாதி பேர் மூன்றாவது கட்டத்திலேயே திரும்பிப் போய்விடுவார்கள். இமெயில் ஒன்று போதும், வேண்டுமென்றால் பெயர். முகவரியை ஆர்டர் போடும்போது அவர்களே தருவார்கள்.

அப்புறம், கீழே ‘சலுகைகளை அனுப்பச் சம்மதம்’ என்ற பெட்டியில் நீயே டிக் போட்டு வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. டிக் போட வேண்டியது வருகிறவர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சம்மதம் என்பது அவர்களே தெளிவாகச் செய்த ஒரு செயலாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உன் பக்கம் முழுக்க ஆங்கிலம். குலசேகரத்திலிருந்து பெங்களூரு போன பிள்ளைக்கு ‘ஏத்தங்காய்’ என்ற சொல்லைக் கண்டாலே வீட்டு ஞாபகம் வரும், அதை விட்டுவிட்டு ‘பனானா வேஃபர்ஸ்’ என்று எழுதியிருக்கிறாயே.

யாரோ பத்தாயிரம் இமெயில் முகவரி விலைக்குத் தருகிறார் என்று கேட்டிருந்தாய். வாங்காதே மக்கா. நான் வாங்கிப் பட்டது உனக்குத் தெரியாது. நாலு வருடத்துக்கு முன் ஒரு தரகரிடம் எட்டாயிரம் முகவரி வாங்கி, தேன் விலைப்பட்டியலை எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் அனுப்பினேன். ஏகப்பட்டது ‘இப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்தவர்களில் பலர் ஸ்பேம், அதாவது வேண்டாத மடல், என்று அழுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் மடல் அனுப்பித் தரும் நிறுவனம் என் கணக்கை முடக்கியது. அதைவிடக் கொடுமை, வருடக்கணக்காக என்னிடம் தேன் வாங்குகிறவர்களுக்கு அனுப்பியதும் அதற்கப்புறம் ஸ்பேமுக்குள் போய் விழுந்தது. அந்த எட்டாயிரத்தில் ஒரே ஒருவர் பதில் எழுதியிருந்தார்: “என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்ன பதில் சொல்வேன்? இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். சும்மா ‘பதிவு செய்யுங்கள்’ என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு உபயோகமாக ஒன்று கொடுக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் தினமும் கேட்கும் கேள்வி எனக்கு ஒன்று இருந்தது. “தேன் உறைந்துபோச்சே, சீனி கலந்ததா?” நம்மூர்த் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்துத் தேன். அதில் குளுக்கோஸ் அதிகம், சீக்கிரம் உறைந்துவிடும். உறைவது தேனின் இயல்பு, கலப்படம் என்று அர்த்தமில்லை. பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் தானே இளகும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ரப்பரில் தேனீக்கள் இனிப்புச் சாற்றை எடுப்பது பெரும்பாலும் பூவிலிருந்து அல்ல. தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பின் நுனியில் அது சுரக்கும். இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, படமும் போட்டு, ‘தேன் ஏன் உறைகிறது? இமெயில் கொடுத்தால் அனுப்புகிறேன்’ என்று பக்கத்தில் வைத்தேன். கீழே ஒரு வரி: மாதம் ஒரு மடல்தான் வரும், அடுத்த தேன் எடுப்பு எப்போது என்று முன்கூட்டியே சொல்வேன், வேண்டாம் என்றால் ஒரே அழுத்தில் நிறுத்தலாம்.

இப்போது என் லிஸ்டில் அறுநூறு பேருக்குச் சற்று மேல். பிப்ரவரியில் முதல் எடுப்பு பற்றி எழுதினால் பாதி பாட்டில் கடைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. திருநெல்வேலியில் ஒரு ஓய்வு பெற்ற டீச்சர் ஒவ்வொரு மடலுக்கும் பதில் போடுவார். போன மாதம் ‘மழையில் உங்கள் தேனீக்கள் பத்திரமா?’ என்று கேட்டிருந்தார்.

நீயும் அந்த மாதிரி ஒரு கேள்வியைத் தேடு. எண்ணெய் எத்தனை தடவை பயன்படுத்துவாய், நமுத்த சிப்ஸை மறுபடி மொறுமொறுப்பாக்க முடியுமா, ஏத்தன் எந்தப் பருவத்தில் வெட்டினால் நல்லது. உனக்கு இவை கைவந்த விஷயம்.

வேலை சம்பந்தமாக இரண்டு சொல்கிறேன், மறக்காதே. ஒருவர் பதிந்ததும் ‘நீங்கள்தானா?’ என்று ஒரு உறுதி மடல் போகட்டும். அதில் உள்ள இணைப்பை அழுத்தினால் மட்டும் லிஸ்டில் சேர். ஜிமெயில் என்பதைத் தப்பாக அடிப்பவர்கள் நிறைய, அடுத்தவர் முகவரியைக் கொடுப்பவர்களும் உண்டு, அதெல்லாம் இங்கேயே நின்றுவிடும். உறுதி மடல் ஸ்பேமில் கிடக்கலாம், அங்கேயும் பாருங்கள் என்று நன்றிப் பக்கத்தில் சொல்லிவிடு.

இன்னொன்று, சாதா ஜிமெயில் முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்பாதே. கடை பேரில் ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்கி, அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று செட்டிங்கையும் போட்டுவிடு. மடல் உன்னிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு அவைதான் அத்தாட்சி. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராக இருக்கின்றன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அழுத்தினாலே ஆபத்து. செட்டிங்கை நான் போட்டுத் தருகிறேன், அரை மணி நேர வேலை.

ஓணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சிப்ஸுக்கு அதுதானே சீசன். இப்போதே பக்கத்தை வைத்தால் அதற்குள் நூறு பேராவது சேர்வார்கள், அந்த நூறு பேருக்கு முதலில் எழுது. ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு மூடிவிடுவேன். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து திருத்திவிடலாம். அம்மா மீன்குழம்பு வைப்பதாகச் சொன்னாள். வரும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வா, இங்கே மழையில் நல்லது கிடைக்கவில்லை.

உன்
பழைய பெஞ்சுக்காரன்