சாசோல்பர்க்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஊர் எங்கே, யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் வால் ஆறு. அதுதான் மாகாண எல்லை. தாண்டினால் ஃப்ரீ ஸ்டேட், உடனே சாசோல்பர்க்.

பூமிக்கடியில் நிலக்கரி, பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர், விற்க ஜோகன்னஸ்பர்க். இதைப் பார்த்துத்தான் 1950களில் ஆலையையும் ஊரையும் சேர்த்தே கட்டினார்கள். நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் கொடுத்து வாயுவாக்கி, அதை இரும்பு வினையூக்கியில் செலுத்தி 1955இல் எண்ணெய் எடுத்தார்கள். 2004 முதல் நிலக்கரி வாயுவுக்குப் பதில் மொசாம்பிக்கிலிருந்து குழாயில் வரும் இயற்கை எரிவாயு. இன்று இங்கே மெழுகும் ரசாயனங்களும்தான் முக்கியம். பெட்ரோல் வருவது பக்கத்திலுள்ள நேட்ரெஃப் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. அதற்குக் கச்சா எண்ணெய் டர்பன் துறைமுகத்திலிருந்து குழாயில் வருகிறது.

சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த மெட்சிமஹோலோ நகராட்சியில் 2011 கணக்கெடுப்பில் சுமார் 1,49,000 பேர். மரங்கள் அடர்ந்த அகலத் தெருக்களும் தோட்ட வீடுகளும் வெள்ளையருக்காகக் கட்டியவை. அங்கே ஆப்பிரிக்கான்ஸ் பேச்சு. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஆலைகளை ஒட்டி ஸம்தேலா என்ற தனிக் குடியிருப்பு. அங்கே செசோதோ மொழி, ஊரைவிட ஜனமும் அதிகம். நிறவெறிச் சட்டம் போய்விட்டது, அது போட்ட கோடு தரையில் அப்படியே இருக்கிறது. ஆலைப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை.

குளிர்காலத்தில் இன்னும் மோசம். இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். ஆலைப் புகை, வீட்டு நிலக்கரி அடுப்புப் புகை எதுவும் மேலே போகாது. காலையில் வெயில் ஏறினால்தான் கலையும். இந்தப் பகுதி முழுவதையும் 2006இல் அரசே காற்று மாசைக் குறைக்க முன்னுரிமை தர வேண்டிய பகுதியாக அறிவித்தது.

தமிழர்கள் இருக்கிறார்களா என்று அம்மா கேட்டாளாமே. இந்த மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் போட்ட சட்டம் 1986இல்தான் நீங்கியது. அதனால் பழைய குடும்பங்கள் இங்கே இல்லை. கோயிலுக்கும் நம்ம மளிகைக்கும் ஆற்றைத் தாண்டி, ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் இந்தியர்கள் நிறைந்த லெனேசியாவுக்குப் போக வேண்டும்.

ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் வேண்டும். வரும்போது அம்மா இரண்டு காஸ்கெட் கூடுதலாக வாங்கி வரட்டும். ஜூன், ஜூலையில் டிக்கெட் போடாதீர்கள்: விடிகாலையில் உறைபனி, உங்கள் மூச்சிரைப்புக்கு அந்தப் புகையும் ஆகாது. மழை ஓய்ந்த ஏப்ரல் நல்லது.

அன்புடன்,
உங்கள் மகன்