அக்காவுக்கு, அந்தத் தண்ணீர் அறையைப் பற்றி

அக்கா,

மே மாதத்தோடு நர்சரியை மூடுகிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கணக்கு நோட்டை என்னைவிட அதிகம் புரட்டியவர் நீங்கள். கொழிஞ்சாம்பாறையில் யார் யாரோ இதைப் படிப்பார்கள், அதனால் சில இடங்களில் பட்டும் படாமலும்தான் எழுதுவேன்.

கொச்சி போய் வந்து இந்த மார்ச்சோடு 9 வருஷம்.

மலம்புழாவோடு நிறுத்திக்கலாம் டீச்சர் என்று அப்போதே சொன்னீர்கள். அங்கே அணைப் பூங்காவில் யட்சியைக் காட்டியதற்கே ஊர் முணுமுணுத்தது: 30 அடிச் சிலை, உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இதுவா என்று. 1969இல் கானாயி குஞ்ஞிராமன் செய்து முடித்தபோதும் இதே பேச்சுதானாம். பிள்ளைகளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவளைப் போலவே காலை அகட்டி உட்கார்ந்து, கையை முடிக்குள் விட்டு அண்ணாந்தார்கள். அந்த வயசில் சிலை பார்ப்பது என்றால் அதுதான், கண் பாதி, உடம்பு பாதி. மறுநாள் வாசலில் ஒரு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டபோது, "குளிச்சுட்டு முடி காய வெக்கிற பொம்பளை மாதிரித்தானுங்க இருக்குது" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தீர்கள். நான் ஒரு மணி நேரம் விளக்கினாலும் அது வந்திருக்காது.

அந்த தைரியத்தில்தான் 2017இல் கொச்சி பினாலேவுக்கு, அந்தப் பெரிய கலைக் கண்காட்சிக்கு, வேன் பிடித்தேன்.

ஒரு நாளைக்கு ஒரே படைப்பு, பசிக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும், எதையும் விளக்கக் கூடாது, "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்க வேண்டும். என் விதிகள். கண்காட்சி நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸுக்குள் நுழைந்ததும் நானே எல்லாவற்றையும் காற்றில் விட்டேன், நாலு மணி நேரம் வந்திருக்கிறோமே என்கிற பேராசை. சாணி மெழுகிய பிரமிடு, இருட்டறை, வீடியோ. பிள்ளைகள் களைத்துப் போன பிறகுதான் அந்தக் கிடங்கு அறை. உள்ளே முழுக்கக் கடல் தண்ணீர். நமக்கு முழங்கால், பிள்ளைகளுக்கு இடுப்பு. நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினீர்கள், ஒரு கையில் இரண்டு பிள்ளை. மற்றவர்களும் தொப்பென்று இறங்கினார்கள். ஒரே கூத்து, ஒரே சிரிப்பு, சுவரெல்லாம் தண்ணீர். ஒரு வாண்டு மட்டும் குனிந்து தேடிவிட்டு, "மீன் எங்க?" என்றான். "மீனெல்லாம் தூங்குது கண்ணு, மெல்ல நட" என்றீர்கள். சத்தம் அப்படியே அடங்கியது. ஒன்பது பிள்ளைகளும் காலைத் தூக்காமல், தண்ணீர் சலசலக்காமல், எதிர்ச் சுவர்வரை நடந்தார்கள்.

அதற்குள் நான் கத்தியிருந்தேன். "இதென்ன ஆத்துத்துறையா அக்கா, கொஞ்சமாவது விவரம் வேண்டாமா?" பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி முகம் சுளித்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான் காரணம். சுளித்தாளா என்பதுகூட நிச்சயமில்லை.

அது என்ன அறை என்பதைத் திரும்பி வரும்போது வேனில்தான் சொன்னேன். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவின் 'வலியின் கடல்'. 2015இல் படகு கவிழ்ந்து இறந்து துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரிய அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. கூடவே மூழ்கிய அவன் அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை, அவனுக்காகத்தான் அந்தத் தண்ணீர். நம் பிள்ளைகளின் வயசுதான் அவனுக்கும். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. வடக்கஞ்சேரி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில் சண்டைக்கு வந்தார்கள், "அக்காதான் இறக்கிவிட்டாங்க" என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் கூட்டிப்போனது நான், தண்ணீர் எவ்வளவு என்று முதலில் போய்ப் பார்க்காதது நான், மாற்று உடுப்பு எடுத்துவரச் சொல்லாததும் நான்தான். மன்னிச்சுக்குங்க அக்கா. அந்த வருஷம் இரண்டு அட்மிஷன் போனால் வாடகை கொடுக்க முடியாது என்கிற நிலைமை, அதையும் நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

சரி, நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? ரேஷன் கடை வரிசையில் நின்று, "செத்த பிள்ளையோட ரூமுக்குள்ள பிள்ளைகளை நடக்க விட்டுது அந்த டீச்சர்" என்று சொன்னீர்கள். இரண்டு போகும் என்று பயந்தேன், ஐந்து போனது. நீங்கள்தான் இறக்கிவிட்டதாக நான் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அந்த அறையை அப்படிச் சொல்லலாமா? அங்கே பிள்ளைகளை அப்படி நடக்க வைத்ததே நீங்கள்தானே. எனக்கு அது வந்திருக்குமா?

அப்புறம் யாரையும் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. படம் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு நகர்ந்து போவார்கள்.

நேற்று அலமாரியை ஒழித்தபோது உங்கள் தோர்த்து கிடைத்தது, அந்த ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தித் துவட்டிய அதே தோர்த்து, சிவப்புக் கரை. ஓரத்தில் உப்பு பூத்து விறைப்பாக இருந்தது. அலசிக் காயப்போட்டிருக்கிறேன். யாரிடமும் கொடுத்து அனுப்பமாட்டேன், வேண்டுமென்றால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் இருப்பேன்.