கான்ட்ராவை முடிக்க 30 லைஃப் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய டிவி கேம்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கான்ட்ராவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அதில் முக்கியமாக மூன்று வரிகள் தவறானவை. ‘30 லைஃப் (ரகசியக் குறியீட்டால் கிடைப்பது) இல்லாமல் கான்ட்ராவை யாராலும் முடிக்க முடியாது’ என்பது ஒன்று. ‘கேசட் ஓடாவிட்டால் ஊதினால் போதும்’, ‘எந்த 9 வோல்ட் அடாப்டரும் பொருந்தும்’ என்பவை மற்ற இரண்டு. முதல் வரி அந்த விளையாட்டுக்குச் செய்யும் அநியாயம். மற்ற இரண்டும், பரணிலிருந்து கேம் பெட்டியை இறக்கிப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவருக்கு நஷ்டத்தில் முடியும்.

கொனாமி நிறுவனம் 1987-இல் ஆர்கேட் இயந்திரத்துக்காகச் செய்த விளையாட்டு இது. 1988 பிப்ரவரியில் நின்டெண்டோவின் 8 பிட் பெட்டிக்கு வந்தது. நம் ஊர் வீடுகளில் ஓடியது அந்த 8 பிட் கான்ட்ராதான், பெரும்பாலும் நகல் பெட்டியில், நகல் கேசட்டில். 8 ஸ்டேஜ், 3 லைஃப், 3 கன்டினியூ (லைஃப் தீர்ந்தால் அதே ஸ்டேஜை மறுபடி தொடங்கும் வாய்ப்பு). ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போய்விடும், கையில் இருந்த கன்னும் போய்விடும். இதைப் பார்த்துத்தான் கடினம் என்று பேர் வந்தது. ஆனால் இது ஏமாற்றும் விளையாட்டு அல்ல. சுவரில் பதிந்த பீரங்கி, புதருக்குள் பதுங்கியவன், புதிய கன் தரும் கேப்சூல் பறந்து வரும் இடம் எல்லாம் நூறாவது தடவையும் அதே இடத்தில்தான். ஓடி வரும் சிப்பாய்கள் மட்டும் திரையின் ஓரத்திலிருந்து முளைத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் பயந்து ஒரே இடத்தில் நிற்பவர்தான் அதிகம் சாகிறார். திரை பின்னோக்கி நகராது என்பதால், கண்மூடித்தனமாக ஓடுபவருக்கும் ஒதுங்க இடம் இருக்காது. நாலடி வைத்து, எதிரே முளைத்ததைச் சுட்டுவிட்டு, மறுபடி நாலடி. அந்த நடைதான் கான்ட்ரா.

பலர் பயன்படுத்தாமலே விட்ட அசைவுகள் இருக்கின்றன. தண்ணீருக்குள் நிற்கும்போது கீழ் பொத்தானை அழுத்தினால் ஆள் மூழ்கிவிடுவான். அப்போது சுட முடியாது, குண்டும் படாது. மேடையில் நின்று கீழ் பொத்தானுடன் ஜம்ப் அழுத்தினால் அடுத்த தட்டுக்கு இறங்கலாம். குதிக்கும் உயரம் எப்போதும் ஒன்றுதான், ஆனால் காற்றில் இருக்கும்போதே திசையை மாற்றலாம். குதித்த பிறகு குண்டு வருவதைப் பார்த்தால் பின்னால் இழுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. முதல் ஸ்டேஜில் வெடிக்கும் பாலங்களில் தயங்கி நிற்பதுதான் தவறு. கால் வைத்ததும் ஓட வேண்டும். கடைசிச் சுவரில் மேலே இருக்கும் இரண்டு பீரங்கிகளுடன் மல்லுக்கட்டத் தேவையில்லை. கீழே சிவப்பாக மின்னும் மையத்தை உடைத்தால் சுவரே விழும்.

கன்களில் எஸ் (ஸ்ப்ரெட்) தான் ராஜா என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாக ஆடலாம். ஒரு அழுத்தலுக்கு ஐந்து குண்டுகள் விசிறியாக விரியும். தூரத்தில் நின்றால் எதிரியின் மேல் ஒன்றோ இரண்டோதான் படும். ஒட்டி நின்றால் ஐந்தும் படும். ஒரே நேரத்தில் திரையில் இருக்கக்கூடிய குண்டுகளுக்கு வரம்பு உண்டு. பழையவை பட்டு மறைந்தால்தான் புதியவை கிளம்பும். கிட்டே நின்றால் உடனே பட்டு மறைவதால் சுடும் வேகமும் கூடுகிறது. பாஸிடம் (ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரி) எட்ட நின்று பத்து நிமிடம் போராடுபவர், இரண்டு அடி முன்னால் போனால் பாதி நேரத்தில் முடிப்பார்.

எல் என்ற லேசரை மோசமான கன் என்று ஒதுக்குவார்கள். குற்றம் கன்னில் இல்லை. லேசர் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி சுட்டால் முதல் கதிர் அறுந்து புதிதாகத் தொடங்கும். நகல் பெட்டிகளின் ஜாய்ஸ்டிக்கில் டர்போ பொத்தான் இருக்கும், விநாடிக்குப் பல தடவை அழுத்தியதாகக் கணக்குக் காட்டும். டர்போவைப் பிடித்தபடி லேசர் சுட்டால் கதிர் துப்பாக்கி முனையைத் தாண்டுவதே இல்லை. சாதாரண பொத்தானில் ஒரு தடவை அழுத்தி, கதிர் போய்ச் சேரும்வரை பொறுத்தால் அது நல்ல கன்.

மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்வதும் இயல்புதான். திரை மேல்நோக்கி நகர்கிறது. முன்னால் ஏறுபவர் திரையை இழுத்துக்கொண்டு போவார். கீழே நிற்பவரின் பாதம் திரையின் அடி ஓரத்துக்குக் கீழே போனால் அவர் லைஃப் காலி. இரண்டு பேர் ஆடினால் ஒவ்வொரு தட்டிலும் இருவரும் சேர்ந்த பிறகே அடுத்த தட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது, நான்காவது ஸ்டேஜ் கோட்டைகளில் எதிரே தெரியும் மின்வேலி கொல்லாது, சற்று நேரம் உறைய வைக்கும். அந்தச் சமயத்தில் வரும் குண்டுதான் கொல்லும். ஆறாவது ஸ்டேஜில் குழாய்களில் நெருப்பு ஒரே தாளத்தில் அணைந்து எரியும். இரண்டு சுற்று நின்று எண்ணிவிட்டுக் கடந்தால் போதும்.

கட்டுரை தொடாத, ஆனால் மிக முக்கியமான செய்தி ஒன்று. நம் நாட்டு டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கியவை, விநாடிக்கு 50 தடவை படம் வரும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60. கான்ட்ரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டது. அதை அப்படியே 50-க்கான நகல் பெட்டியில் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். இன்று கணினியிலோ கைபேசியிலோ ஆடிவிட்டு ‘சின்ன வயதில் இவ்வளவு வேகமாக இல்லையே, வயதாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே 20 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பாட்டைக் கேட்டாலே தெரியும். அந்த நகல் பெட்டிகளின் மையச் சில்லின் கடிகாரம் ஏறத்தாழ அசலின் அளவிலேயே இருந்ததால் சுருதி மாறவில்லை, தாளம் மட்டும் இழுத்தது.

பழைய பெட்டியை இன்றைய எல்இடி டிவியில் மாட்டுபவர்களுக்கு வேறு தொல்லை. பழைய பிக்சர் டியூப் டிவி, வந்த படத்தை வந்த கணமே வரைந்துவிடும். புதிய டிவி அதை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில படங்கள் தாண்டிவிடும். ஒரு படத்துக்கு 16 முதல் 20 மில்லி விநாடி. மூன்று படம் தாமதித்தாலே ஜம்ப் பிந்திவிடும். டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை முதலில் போட வேண்டும். இன்னொன்று, ‘கண்ணுக்குத் தெரியாத குண்டு பட்டது’ என்ற புகார். இந்தப் பெட்டியால் ஒரு கிடைக்கோட்டில் 8 உருவத் துண்டுகளைத்தான் காட்ட முடியும். ஒரு சிப்பாயே சில துண்டுகளால் ஆனவன். ஒரே மட்டத்தில் மூன்று பேர் ஓடி வந்து சுட்டால் துண்டுகள் மீறிவிடும். அப்போது விளையாட்டு ஒரு படத்தில் ஒன்று, அடுத்த படத்தில் மற்றொன்று என்று மாற்றி மாற்றிக் காட்டும். பழைய டிவியில் அது மின்னலாகத் தெரியும். புதிய டிவி அடுத்தடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துக் கோக்க முயல்வதால் குண்டு மங்கலாகவோ சீப்புப் பல் போலக் கிழிந்தோ தெரியும், சில சமயம் தெரியாமலே போகும். கூட்டம் இருக்கும் மட்டத்தில் நிற்காமல் மேல் தட்டுக்கு மாறுவதுதான் இதற்கு வழி.

இனி கேசட். ஊதுவது வேலை செய்வதுபோல் தோன்றக் காரணம், ஊதுவதற்காக அதைக் கழற்றி மறுபடி செருகுகிறோம் என்பதுதான். செருகும்போது உரசித் தொடர்பு கிடைக்கிறது. வாயின் ஈரம் தகட்டில் தங்கி, நாளடைவில் பச்சை பிடிக்க வைக்கும். நம் ஊர்ப் பெட்டிகளின் கேசட்டில் 60 தகடுகள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி நிரலுக்கு, ஒரு பகுதி படத்துக்கு. ஒரே நிறத்தில் திரை நின்றுவிட்டால் நிரல் பக்கம் தொடர்பு இல்லை. பாட்டு கேட்கிறது, ஆள் நகர்கிறான், ஆனால் காடு முழுக்க எழுத்தும் கோடுமாகச் சிதறித் தெரிகிறது என்றால் படப் பக்கம் தொடர்பு இல்லை. மெல்லிய பருத்திக் குச்சியில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் (90 சதவீதத்துக்கு மேல் உள்ளது) தொட்டு, தகட்டின் நீளவாக்கில் துடைக்க வேண்டும். குச்சி கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுச் செருகலாம். உப்புத்தாள் கூடாது, மேல்பூச்சு போய்விட்டால் பிறகு தகடு நெடுநாள் தாங்காது. இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால், திறந்து பார்த்தால் உள்ளே கறுப்புச் சொட்டு போல ஒன்று இருக்கும். சில்லு அதற்குள்தான். அதன் உள் கம்பி அறுந்திருந்தால் பழுது பார்க்க வழியில்லை.

ஜாய்ஸ்டிக்கையும் அதே ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். திருகுகளைக் கழற்றினால் ரப்பரின் அடியில் கறுப்புக் கரிப்பொட்டுகள் தெரியும். அவற்றை லேசாக, பலகையில் உள்ள தடங்களைச் சற்று அழுத்தித் துடைக்க வேண்டும். கரிப்பொட்டைத் தேய்த்தால் கரியே போய்விடும். திசைப் பொத்தானின் ரப்பர் நைந்திருந்தால் மேல் அழுத்தும்போது பக்கமும் சேர்ந்து பதியும். நேராக மேலே சுட நினைத்தால் குறுக்காகச் சுடுவான். கான்ட்ராவில் பல சாவுகள் இதனால்தான், விளையாட்டால் அல்ல.

30 லைஃப் குறியீட்டையும் கட்டுரை மாற்றி அச்சிட்டிருந்தது. சரியான வரிசை: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். செலக்ட் பொத்தான் இரண்டு பேர் ஆட மட்டுமே. இந்தக் குறியீட்டைத் தலைப்புத் திரையில்தான் அழுத்த வேண்டும், கேசட்டின் பட்டியல் திரையில் அல்ல. டர்போ பி-யைத் தொட்டால் ஒன்றுக்குப் பதில் நாலைந்து பி பதிந்து குறியீடு பாழாகும். தவறினால் ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் வந்த, கிராடியஸ் என்ற விளையாட்டின் வீட்டுப் பதிப்பைச் சோதிக்க அவர் வைத்த குறுக்குவழி அது. 2020-இல் அவர் காலமானார். பழகும் காலத்தில் அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. அருவியையும் பனிக்காட்டையும் 30 லைஃபில் மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு 3 லைஃபில் இறங்குவதுதான் முறையான வழி.

பழைய பெட்டி கிடைக்காதவர்களுக்கு, 2019-இல் கொனாமியே வெளியிட்ட தொகுப்பில் ஆர்கேட் பதிப்பும் 8 பிட் பதிப்பும் இருக்கின்றன. நகல் தேட வேண்டியதில்லை.

கடைசியாக அடாப்டர். ஜப்பானிய அசல் பெட்டிக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுமுனை மைனஸ். அமெரிக்கப் பெட்டியின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி. அதை ஜப்பானியப் பெட்டியிலோ நகல் பெட்டியிலோ செருகினால் உள்ளே இருப்பது போய்விடும். நகல் பெட்டிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, ஆனால் நடுமுனை பிளஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியிலும் அடாப்டரின் மேலும் உள்ள படத்தை ஒப்பிட்ட பிறகே செருக வேண்டும். படம் அழிந்திருந்தால் மெக்கானிக்கிடம் மீட்டரில் பார்க்கச் சொல்வது நல்லது. உள்ளே 7805 என்ற சில்லு வருவதை 5 வோல்ட்டாக்குகிறது. அதற்கு 7 வோல்ட்டாவது வர வேண்டும். வலுவில்லாத அடாப்டர் அதற்குக் கீழே இறங்கும்போதுதான் பாஸிடம் போன சமயத்தில் கேம் தானாக முதலிலிருந்து தொடங்குகிறது. 12 வோல்ட் கொடுத்தால் ஓடும், ஆனால் மிச்ச 7 வோல்ட்டும் சூடாகிப் பெட்டியைக் காய்ச்சும். திரையில் கறுப்புப் பட்டை மெதுவாக ஏறி இறங்கினால் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது. அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், அதே வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் புதியதைப் போட்டால் சரியாகும். சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சில்லும் கெப்பாசிட்டரும் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் மூன்றுக்கும் திருத்தம் போட இடமில்லை என்றால், அடாப்டர் வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். கோடை விடுமுறை தொடங்கப் போகிறது, பல வீடுகளில் பெட்டி பரணிலிருந்து இறங்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.