சாக்லேட்டும் செல்ஃபியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்க்கப் போகும் ஆசிரியர்கள் கொண்டுவருவது சாக்லேட்டும் செல்ஃபியும்தான்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சாக்லேட்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

2014-இல் இங்கிலாந்து தன் கணக்கு ஆசிரியர்களை ஷாங்காய்க்கு அனுப்பியது தாங்கள் அறியாததல்ல. பிறகு ஷாங்காய்க்காரர்களும் இங்கிலாந்து வந்து வகுப்பே எடுத்துக் காட்டினார்கள். பாடவேளை 35, 40 நிமிடம். அதற்குள் ஒரே ஒரு நுணுக்கம். கால் பங்கு நடத்தும்போது, சமமில்லாத நான்கு துண்டாகக் கோடு போட்ட சதுரத்தையும் காட்டி, ‘இது கால் பங்கா?’ என்று கேட்பார்கள். ஏன் இல்லை என்பதைப் பிள்ளை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் சரியாக வெட்டிய சப்பாத்தியை மட்டும் காட்டிவிட்டு, நாலு துண்டு என்றாலே கால் என்று பிள்ளை எழுதினால் திட்டுகிறோம்.

இதையெல்லாம் படம் பிடிக்கலாம். அட்டவணையை யார் பிடிக்கிறார்கள்? ஷாங்காய் தொடக்கப் பள்ளியில் கணக்குக்கென்றே ஆசிரியர், ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புபோல. மிச்ச நேரத்தில் அன்றைய நோட்டைத் திருத்தி, தடுமாறிய பிள்ளையை அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைக்கிறார். இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் தலையில் எல்லாப் பாடமும். இந்த ஆசிரியர் பரிமாற்றத்தைப் பற்றிய ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் 2019 மதிப்பீட்டில் இங்கிலாந்தின் சின்ன வகுப்புகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளிடம் அதற்குச் சான்றில்லை. முறையை வாங்கிக்கொண்டு நேரத்தை அங்கேயே விட்டுவந்தால் வேறென்ன ஆகும்?

இங்கே ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு, நடுவில் எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் பதிவு. அன்றன்றைக்கே நோட்டுத் திருத்தச் சொல்லும் தாங்கள், எந்தப் பாடவேளையில் என்றும் சொல்லியருள வேண்டும்.

ஜப்பானில் ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பிரித்து மேய்கிறார்கள், பாடம் எடுத்தவரை அல்ல. நம்மிடம் கடைசி பெஞ்சில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஆய்வு. பாடக்குறிப்பேட்டில் தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்பதோடு அது முடிந்துவிடும்.

கேட்பது பெரிதல்ல. அடுத்த பயணச் செய்தியில் பொன்னாடையோடு விமான நிலையத்தில் நிற்கும் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பார்த்துவந்த பள்ளியின் பாடவேளை அட்டவணையைப் போடுங்கள். பக்கத்திலேயே நம்மூர்ப் பள்ளி ஒன்றின் அட்டவணையும்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர்