மகளிர் டென்னிஸ் எதிர்வுகூறல்களை எண்களோடு வெளியிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய மகளிர் டென்னிஸ் சுற்றுப்போட்டி தொடங்கும்போதெல்லாம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் "இம்முறை பட்டம் இவருக்கே" என்ற பாணியில் ஒரு கட்டுரை வருகின்றது. அந்த வீராங்கனை மூன்றாம் சுற்றில் தோற்றுவிட்டால், பெண்களின் ஆட்டத்தை நம்ப முடியாது, அவர்களுக்கு மனவுறுதி போதாது என்ற விளக்கம் மறுநாள் வருகின்றது. துணுக்காய்ப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் எனக்கு இவ்விளக்கம் மிகுந்த வருத்தத்தைத் தருகின்றது. ஏனெனில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் படிக்கும் நிகழ்தகவுப் பாடமே இதற்கு வேறு விடை சொல்கின்றது.

கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையர் ஆட்டங்களில், ஆட்டத்தின் பகுதிகளான செட்களில் ஆண்கள் ஐந்தில் மூன்றையும் பெண்கள் மூன்றில் இரண்டையும் வென்றாக வேண்டும். ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 70 சதவீதமாக உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மரவரிப்படம் வரைந்து பார்த்தால், மூன்று செட் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 78 சதவீதம். ஐந்து செட் ஆட்டத்தில் 84 சதவீதம். வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் 128 பேர் மோதும் போட்டியில் பட்டம் வெல்ல ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றாக வேண்டும் என்பதால், அந்த எண்ணை ஏழு முறை பெருக்க வேண்டும். அப்போது மூன்று செட் முறையில் 18 சதவீதமும் ஐந்து செட் முறையில் 29 சதவீதமும் வருகின்றன. அதே திறமை, அதே மனவுறுதி. ஆட்டத்தின் நீளம் மட்டுமே மாறியிருக்கின்றது. என் வகுப்பு மாணவி ஒருத்தி சதுரக் கொப்பியில் இதைப் பெருக்கி முடித்துவிட்டு, "ரீச்சர், அப்ப எல்லாரையும் விடத் திறமான ஆளுக்கே ஐந்தில் ஒரு பங்குகூட வாய்ப்பு இல்லையே" என்று கேட்டாள். அவள் ஒரு நிமிடத்தில் கண்டதைத் தங்கள் கட்டுரையாளரும் காண வேண்டும் என்பதே என் விருப்பம்.

2021 அமெரிக்க பகிரங்கப் போட்டியில், தரவரிசையில் 150ஆம் இடத்திலிருந்த எம்மா ரடுக்கானு தகுதிகாண் சுற்றுக்கள் மூன்றையும் சேர்த்துப் பத்து ஆட்டங்களை, ஒரு செட்டைக்கூட இழக்காமல் வென்றார். 2023 விம்பிள்டன் பட்டத்தை 42ஆம் இடத்திலிருந்த மார்கெட்டா வொன்ட்ரூசோவா வென்றார். 2016இல் செரீனா வில்லியம்ஸ் வென்ற பின் 2025 வரை நடந்த எட்டு விம்பிள்டன் போட்டிகளிலும் எட்டு வெவ்வேறு பெண்கள் வென்றிருக்கின்றனர். இதைப் பலவீனம் என்று எப்படி எழுத மனம் வருகின்றது? பட்டம் வெல்லும் ஆற்றல் இத்தனை பேரிடம் பரந்து கிடக்கின்றது என்றல்லவா எழுத வேண்டும்?

எதிர்வுகூறலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரவரிசையை மட்டும் நம்புவதே தவறு. அது கடந்த 52 வாரங்களில் எல்லா வகைத் தரைகளிலும் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகை. 2022இல் தொடர்ந்து 37 ஆட்டங்களை வென்ற இகா ஸ்வியாடெக், செம்மண் தரையில் ஏறக்குறைய அசைக்க முடியாதவராக இருந்தார். அந்தத் தொடர் முடிந்ததோ விம்பிள்டன் புல்தரையில், மூன்றாம் சுற்றில். சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ வகுத்த புள்ளிமுறையை இன்று டென்னிஸுக்கும், தரைவாரியாகவும் பயன்படுத்துகின்றனர். அம்முறையில் இருவருக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால் மேலே இருப்பவர் வெல்லும் வாய்ப்பு 64 சதவீதம். அதாவது, மூன்று ஆட்டங்களில் ஒன்றுக்குச் சற்று மேலாக அவர் தோற்பதும் கணக்கில் அடங்கியதே.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த சோளகக் காலத்தில், வீதியோரத் தேநீர்க்கடையொன்றில் என் பழைய மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியைக் காட்டினான். மகளிர் ஆட்டங்கள் நான்கை ஒன்றாகச் சேர்த்து, நால்வரும் வென்றால் மட்டுமே பணம் வரும் என்ற பந்தயத்தில், மேசன் வேலையில் கிடைத்த ஒரு கிழமைச் சம்பளத்தை அவன் வைத்திருந்தான். மூவர் வென்றனர், நான்காமவர் தோற்றார். "நாலும் நிச்சயம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை ரீச்சர்" என்றான். ஒவ்வொன்றுக்கும் 80 சதவீத வாய்ப்பு இருந்தாலும் நான்கும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு 41 சதவீதமே என்பதை, கடைக்காரரிடம் ஒரு பேனை வாங்கி அங்கிருந்த பழைய பத்திரிகையின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். நிகழ்தகவை நான் அவனுக்குக் கற்பித்திருந்தேன். "நிச்சயம்" என்ற சொல்லின் பலத்தின் முன் அப்பாடம் அவனுக்கு உதவவில்லை. ஆகவே அச்சொல்லை அச்சிடுவோருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நான் உண்மையாகவே கருதுகின்றேன்.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த கிராண்ட் ஸ்லாம் போட்டியின் ஆட்ட அட்டவணை வெளியாகும் நாளில், முன்னணி வீராங்கனைகள் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை எண்ணாக வெளியிடுங்கள். போட்டி முடிந்ததும், 70 சதவீதம் என்று சொல்லப்பட்ட ஆட்டங்களில் உண்மையில் பத்துக்கு எத்தனை அவ்வாறே முடிந்தன என்ற கணக்கையும் அதே இடத்தில் வெளியிடுங்கள். அப்பக்கத்தை எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் பிள்ளைகளைக் கொண்டு சரிபார்க்க ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
கணித ஆசிரியை ஒருவர்,
துணுக்காய்.